தெரியாத துறையில் ஒரு நூல்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் படிக்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் பத்துப் பதினைந்து தமிழ்ப் புத்தகங்களாவது இருக்கின்றன. பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள், கல்கி, சாண்டில்யன் நாவல்கள், திவ்வியப் பிரபந்தம், கந்த சஷ்டி கவசம், ஒரு சமையல் புத்தகம், ஒரு பஞ்சாங்கம். பிள்ளைகளின் மேசை மீது நுழைவுத் தேர்வுக்கான கைடுகள். இவற்றில் எதையும் நான் குறை கூற வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை அனைத்தும் நமக்கு ஏற்கெனவே பழகிய விஷயங்கள். நம் தொழிலுக்கும் பக்திக்கும் ரசனைக்கும் வெளியே உள்ள ஒரு துறையைப் பற்றி, கதையல்லாத நூல் ஒன்றாவது அங்கே உண்டா? பாறையைப் பற்றி? காற்றைப் பற்றி? மரத்தைப் பற்றி?

பெரும்பாலும் இராது. அப்படி ஒரு நூலை ஏன் படிக்க வேண்டும், எப்படிப் படிக்கலாம், எங்கே கிடைக்கும் என்பதை நம் அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் புலவன் அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே எடுத்துக்காட்டுகளில் ரயில் வாசனை சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் படிக்க வேண்டும்?

முதற் காரணம் வயது சம்பந்தப்பட்டது. முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகள் ஒரே தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தத் தொழிலே உலகமாகி விடுகிறது. தொழில் முடிந்ததும் உலகமும் சுருங்கி விடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் மாலையில் பூங்கா பெஞ்சில் கூடினால் பென்ஷன், பஞ்சப்படி, சர்க்கரை அளவு ஆகிய மூன்றையும் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை.

இரண்டாவது காரணம், நம்மைப் போலத் தமிழகத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கே உரியது. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டில் மட்டும். அந்தத் தமிழும் ‘சாப்பிட வா’, ‘விளக்கேற்று’, ‘மருந்து எடுத்துக்கொண்டாயா’ என்ற அளவோடு நின்று விடுகிறது. திருமலைக்குப் போகும் வழியில் பேரன் பஸ் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, “தாத்தா, இந்தப் பாறை ஏன் பலகை அடுக்கின மாதிரி இருக்கு?” என்று கேட்கிறான். “அது சாமி மலைடா கண்ணு” என்று சொல்லி முடித்து விடுகிறோம். பதிலில் தவறில்லை. ஆனால் கேள்வி அங்கேயே நின்று போகிறது. அடுத்த முறை அவன் தாத்தாவிடம் கேட்க மாட்டான். கைபேசியிடம் ஆங்கிலத்தில் கேட்பான். இப்படித்தான் ஒரு மொழி யாரும் தடை போடாமலே சமையலறைக்கும் பூஜையறைக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கிப் போகிறது. பெரியவர்களாகிய நாம் புதிய விஷயங்களைப் படித்துத் தமிழில் பேசினால் ஒழிய இதற்கு வேறு மாற்று எனக்குத் தோன்றவில்லை.

தெரியாத துறை என்றால் எங்கோ தேடிப் போக வேண்டியதில்லை. தெரிந்த ஒன்றில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை எடுத்து வைத்தால் போதும். நாம் வாழும் இந்த வட்டாரத்திலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

மலைப்பாதையில் கிழிந்த பக்கங்கள்

இருப்புப்பாதைக்காரனுக்குக் கருங்கல் என்றால் ஜல்லி. எந்த அளவுக்கு உடைக்க வேண்டும், தண்டவாளத்தின் கீழ் எவ்வளவு கனத்துக்குப் பரப்ப வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கல்லுக்கு வயது என்ன, அது எப்படிப் பிறந்தது என்பது எங்கள் கையேட்டில் இல்லை. அதற்கு நிலவியல் நூலைத்தான் புரட்ட வேண்டும்.

அப்படிப் புரட்டினால் பேரனின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. திருமலை மலைப்பாதையில் இரண்டு வகைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே இருப்பது கிரானைட். பூமிக்கு அடியில் உருகிய குழம்பு ஆறி இறுகியது. மேலே பலகை பலகையாகத் தெரிவது குவார்ட்சைட். நீரில் படிந்த மணல், காலப்போக்கில் அழுந்தி இறுகிக் கல்லானது. அதாவது, இன்று நாம் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு ஏறும் மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் நீருக்கடியில் கிடந்த மணல்! இவ்விரு பாறைகளும் சந்திக்கும் இடத்தை நிலவியலார் ‘எபார்க்கியன்’ அடுக்குப் பொருந்தாமை என்கிறார்கள். கீழ்ப்பாறை உருவானதற்கும் மேல்பாறை உருவானதற்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் இடைவெளி. அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லும் பாறை அங்கே இல்லை. நடுவில் பக்கங்கள் கிழிந்து போன புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தையும், கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள சிலா தோரணம் என்ற இயற்கையான கல் வளைவையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது.

80 கோடி ஆண்டுகள் என்பது மனதில் நிற்காத எண். ரயில்வேக்காரன் கணக்கில் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டரை ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி 80 கிலோமீட்டர், அதாவது திருப்பதியிலிருந்து சித்தூர் வந்து அதற்கு மேலும் சற்றுத் தூரம் போக வேண்டும். அந்தக் கணக்கில் ஆயிரம் ஆண்டு என்பது பத்து சென்டிமீட்டர், அரைச் சாண். நம் வரலாறு முழுவதும் தண்டவாளத்தின் ஒரு ஸ்லீப்பர் கட்டைக்குள் அடங்கி விடும்!

ஒரு நூல் அடுத்த நூலுக்கு வழிகாட்டும் என்பதையும் இங்கே பார்க்கலாம். இந்தப் பாறைகளின் மீதுள்ள மெல்லிய மண்ணில்தான் செம்மரம் வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. வளர்ச்சியோ மிக மெதுவானது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியம் செய்வதற்கு இது விரும்பி வாங்கப்பட்டது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டுத் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடந்தது என்ன என்பதைச் செய்தித்தாள் சொன்னது. ஒரு மரத்துக்கு ஏன் இத்தனை விலை, அது ஏன் இந்த மலையில் மட்டும், அதன் பின்னே உள்ள வணிகம் எத்தகையது என்பதை அறியத் தாவர நூலும் வேண்டும், பொருளாதார நூலும் வேண்டும்.

கோயில் சுவரில் ஒரு பாசனத் திட்டம்

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் பதிப்பித்து, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930-களில் பல தொகுதிகளாக வெளியிட்டது. போக ஸ்ரீநிவாசர் என்ற வெள்ளித் திருமேனியை அளித்த பல்லவ குலத்து அரசி சாமவையின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அவற்றுள் ஒன்று. வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் நமக்கு அந்தச் சுவர்கள் வெறும் சுவர்களாகவே தெரிகின்றன.

இவற்றைப் பக்திக் கண்ணோடு படித்தால் பக்தி தெரியும். கணக்குப் பிள்ளையின் கண்ணோடு படித்தால் வேறொன்றும் தெரியும். விஜயநகர காலத்தில் அடியார்கள் நைவேத்தியத்துக்காகப் பொன் கொடுத்தார்கள். அந்தப் பொன்னைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதற்குச் செலவிட்டார்கள். பாசனம் பெருகியதால் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து நைவேத்தியம் நடந்தது. பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். முதல், முதலீடு, வருவாய், பங்கு என்று இன்றைய நிதி நிர்வாகம் பேசும் அத்தனையும் அங்கே தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, திருப்பதிக் கோயிலின் இந்தப் பொருளாதாரப் பணியைப் பற்றியதே. வங்கியில் வேலை பார்த்தவர்களும் பொதுப்பணித் துறையில் இருந்தவர்களும் கல்வெட்டு நூலைக் கையில் எடுத்தால், பேராசிரியர் கண்ணில் படாதது கூட அவர்கள் கண்ணில் படலாம்.

காற்றும் விசில் ஊதும்

மூன்றாவது எடுத்துக்காட்டு, திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் சாலையில் உள்ள காதங்கி. அங்கே விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்திருப்போம். உள்ளே ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட மைதானத்தில் 1024 ஆன்டெனாக்கள் நடப்பட்டிருக்கின்றன. முன்பு தூர்தர்ஷன் பார்க்க மொட்டை மாடியில் கட்டினோமே, அதே யாகி இனத்தைச் சேர்ந்தவை. எல்லாம் சேர்ந்து ஒரே ரேடாராக வானை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. மேலே காற்றில் உண்டாகும் கொந்தளிப்புகளில் பட்டு மிக மெல்லிய எதிரொலி திரும்பி வருகிறது. அதைக் கொண்டு பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

எதிரொலியிலிருந்து வேகம் எப்படித் தெரியும்? இதற்கு விடை ரயில் நிலையத்தில் இருக்கிறது. விசில் ஊதிக்கொண்டு வரும் ரயில் நம்மை நெருங்கும்போது ஓசை உச்சமாகவும், கடந்து போனதும் சட்டென்று தாழ்ந்தும் கேட்கும். பிளாட்பாரத்தில் நின்ற எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். 1842-இல் டாப்ளர் என்ற அறிஞர் இதன் தத்துவத்தைச் சொன்னார். 1845-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் அதைச் சோதித்துப் பார்க்க, ரயிலில் ஊதுகொம்புக் கலைஞர்களை ஏற்றி வாசிக்கச் சொல்லி, பாதையோரத்தில் இசை தெரிந்தவர்களை நிற்க வைத்துச் சுரத்தின் மாற்றத்தைக் குறிக்கச் செய்தார். அதே தத்துவம்தான் காதங்கியில் நடக்கிறது. ரயிலுக்குப் பதில் காற்று. விசிலுக்குப் பதில் ரேடியோ அலை. வானிலை நூல் எனக்கு முற்றிலும் புதியது. ஆனால் உள்ளே நுழையக் கதவு திறந்தது நாற்பது வருடம் கேட்டுப் பழகிய விசில் சத்தம்.

எப்படிப் படிப்பது?

புதிய துறை நூலைத் திறந்ததும் பலர் மிரண்டு போவதற்குக் காரணம், முதல் பக்கத்திலேயே தண்டவாளம் போட முயல்வதுதான். ரயில்வேயில் புதுப் பாதைக்கு மூன்று கட்டமாகச் சர்வே செய்வார்கள். படிப்பதற்கும் அது பொருந்தும்.

முதலாவது முன்னோட்டச் சர்வே. வரைபடத்தைப் பார்த்து, நடந்து போய், ஆறு எங்கே, மலை எங்கே என்று தெரிந்து கொள்வது. சங்கிலி பிடித்து அளக்க மாட்டார்கள். நூலைப் பொறுத்தவரை பொருளடக்கம், படங்கள், முன்னுரை, கடைசி அத்தியாயம் ஆகியவற்றை அரை மணி நேரம் புரட்டுங்கள். ஏற்றம் அதிகம் என்று தோன்றினால் அந்தத் துறையில் சிறுவர்களுக்காக எழுதிய நூலை முதலில் படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செங்குத்தான ஏற்றத்தில் கூட்ஸ் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைத் தள்ளக் கொடுப்பது வழக்கந்தானே!

இரண்டாவது பூர்வாங்கச் சர்வே. இப்போது அளவு எடுக்க வேண்டும். நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். இருநூறு பக்க நூல் இருபது நாளில் முடிந்து விடும். புரியாத சொல் வந்தால் நிற்காதீர்கள். பென்சிலால் கோடிட்டு மேலே செல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பொருள் தேடுங்கள். பத்து இருபது சொற்கள் பிடிபட்டால் துறையின் பூட்டு திறந்து விடும். பாதைக்கு மாற்றுத் தடம் பார்ப்பது போல, அதே துறையில் வேறோர் ஆசிரியரின் நூலையும் சற்றுப் புரட்டுங்கள். எண்களைச் சொல்பவர் அவற்றை எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கைபேசியில் நாள்தோறும் வந்து விழும் ‘அதிசயத் தகவல்’களுக்கும் நல்ல நூலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மூன்றாவது இறுதித் தடச் சர்வே. தரையில் முளை அடித்துத் தடத்தை உறுதி செய்வது. படித்ததை இன்னொருவரிடம் பத்து நிமிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறோமோ அந்த இடத்தில் முளை அடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தால் போதும்.

எங்கே கிடைக்கும்?

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன் ஒருவரை நினைவு கூர வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னையில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகத் துறை அவருக்குப் புதிது. அதைக் கற்க லண்டன் சென்றவர், ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றி முடுக்கினால் விதவிதமான பொம்மைகள். நூல்களையும் இப்படிச் சில அடிப்படைக் கூறுகளை இணைத்து வகைப்படுத்தலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதுவே 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்து. தெரியாத துறையில் காலடி வைத்தவர் தெரிந்த கணிதத்தையும் ஒரு பொம்மையையும் துணைக்கொண்டு அத்துறைக்கே ஆசான் ஆனார்!

அவர் பாடுபட்டுக் கொண்டு வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. 1953 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தில் இருந்த நம் சித்தூரும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. இன்றும் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கட்டிய பணத்துக்காவது மாவட்ட நூலகத்தின் படியேறலாம். அங்கே போனால் வழக்கமான கதைப் பகுதியை விட்டு, இதுவரை நிற்காத ஓர் அலமாரியின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். நூல் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் பாதகமில்லை. பிள்ளைகள் அதைப் படித்து நமக்குத் தமிழில் சொல்லட்டும். அவர்கள் சொல் தெரியாமல் நிற்கும்போது நாம் எடுத்துக் கொடுப்போம். இருவருக்குமே லாபம்.

தமிழில் நூல்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. சிறுவர்களுக்கான கலைக்களஞ்சியமும் தனியே பத்துத் தொகுதிகள் உண்டு. இரண்டையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். வழக்கறிஞராக இருந்த பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) அரை நூற்றாண்டுக்கு மேல் எளிய தமிழில் அறிவியல் எழுதினார். சட்டம் படித்தவர் அணுவையும் வானையும் பற்றி எழுத முடிந்ததென்றால், நம்மால் படிக்கவாவது முடியாதா? 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், பாறை, மரம், பறவை என நம் நாட்டைப் பற்றிய நூல் வரிசை ஒன்றை வெளியிட்டது. அவற்றில் பல தமிழிலும் வந்தன. புத்தகக் கண்காட்சிக்குச் செல்பவர்கள் அந்தக் கடையைத் தவற விட வேண்டாம்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

மாதக் கூட்டத்தில் ஆண்டறிக்கை, பாராட்டு, சிற்றுண்டி ஆகியவற்றுக்கிடையே பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு மாதமும் ஒரு குடும்பம், தங்களுக்குத் தெரியாத துறையில் தாங்கள் படித்த ஒரு நூலைப் பற்றித் தமிழில் பேசட்டும். பேசுபவர் அத்துறையில் நிபுணராக இருக்கக் கூடாது என்பதே விதி. மருத்துவர் மண்ணைப் பற்றிப் பேசலாம். மளிகைக் கடைக்காரர் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசலாம். இல்லத்தரசி கல்வெட்டைப் பற்றிப் பேசலாம். பள்ளிப் பிள்ளைகள் எதைப் பற்றியும் பேசலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு குடும்பங்கள், பன்னிரண்டு துறைகள். சங்கத்தின் அலமாரியில் பன்னிரண்டு புதிய நூல்கள்.

முதல் மாதத்துக்கு நான் பெயர் கொடுத்து விட்டேன், தலைப்பு செம்மரம். இரண்டாம் மாதத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் நூலின் பெயரோடு தங்கள் பெயரையும் பதிவு செய்துகொள்ளலாம்.